மிக்கி மவுசுக்கு எத்தனை விரல்?
சித்திரப் படங்களில் ஒளிந்திருக்கும் விந்தைகள் – காஞ்சிபுரம் சொல்லும் விடை

காஞ்சிபுரத்தில் வைகுந்தப் பெருமாள் கோயில் இருக்கிறது. பல்லவ மன்னன் நந்திவர்மன் 8-ம் நூற்றாண்டில் கட்டிய கோயில் அது.

கோயிலின் உள் திருச்சுற்றில் சிங்கத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. தூண்களுக்குப் பின்னால் உள்ள சுவர் முழுவதும் சிற்பம். மேல் வரிசை ஒன்று, கீழ் வரிசை ஒன்று. கட்டம் கட்டமாகப் பிரித்துச் செதுக்கியிருக்கிறார்கள்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். ஒரு கட்டத்தில் ஒரு ராஜா உட்கார்ந்திருக்கிறார். அடுத்த கட்டத்திலும் அவரே இருக்கிறார். அதற்கு அடுத்ததிலும் அவரே! ஒரே சுவரில் ஒரே ராஜா எப்படி இத்தனை இடத்தில் இருக்க முடியும்?

காரணம், அது ஒரு கதை. பல்லவர் வரலாறு அங்கே வரிசையாகச் சொல்லப்படுகிறது. பரமேசுவரவர்மன் என்ற அரசன் வாரிசு இல்லாமல் இறந்துபோனான். நாட்டுப் பெரியவர்கள் புதிய அரசனைத் தேடிப் புறப்பட்டார்கள். 12 வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து வந்து முடி சூட்டினார்கள். அந்தச் சிறுவன்தான் நந்திவர்மன். டாக்டர் சி. மீனாட்சி என்ற அறிஞர் இந்தச் சிற்பங்களை ஆராய்ந்து எழுதிய நூலைத் தொல்பொருள் துறை 1941-ம் ஆண்டில் வெளியிட்டது.

சுவர் நகராது. பார்க்கிறவர் நடக்கிறார். அவர் நடக்க நடக்க, கதை நகர்கிறது.

இதைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? பார்க்கிறவர் உட்கார்ந்திருக்க, படங்கள் ஓடினால்? அதுதான் சினிமா. அந்தப் படங்களைக் கையால் வரைந்து ஓடவிட்டால், அதுதான் சித்திரப் படம். அதாவது, குழந்தைகள் விரும்பும் "கார்ட்டூன்".

நொடிக்கு 24 படம்

சினிமாவில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு நிமிடத்துக்கு 1,440 படங்கள். ஒவ்வொன்றும் அசையாத படம்தான். ஆனால், வேகமாக அடுத்தடுத்து வருவதால் நம் மூளை அவற்றைச் சேர்த்துவிடுகிறது. அசைவதுபோல் தோன்றுகிறது. நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒரு பொம்மை வரைந்து, சரசரவென்று புரட்டிப் பார்க்காத பள்ளிப் பிள்ளை உண்டா? அதே வித்தைதான்.

நம் நாட்டில் இந்த வித்தையை முதலில் செய்து காட்டியவர்களில் ஒருவர் தாதாசாகேப் பால்கே. "ராஜா அரிச்சந்திரா" படத்தை 1913-ம் ஆண்டில் வெளியிட்டவர் அவர். அதற்கு முன்பு அவர் ஒரு சிறிய படம் எடுத்தார். தொட்டியில் ஒரு பட்டாணியை நட்டார். அது முளைத்து வளர வளர, சிறிது சிறிதாகப் படம் பிடித்துக்கொண்டே வந்தார். ஓட்டிக் காட்டியபோது, செடி கண்ணெதிரே கிடுகிடுவென்று வளர்ந்தது! பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். 1915-ல் தீக்குச்சிகளை ஆடவைத்தும் ஒரு படம் எடுத்தார். அந்தப் படம் இன்று இல்லை. அழிந்துவிட்டது.

சித்திரப் படங்களைக் கூர்ந்து பார்த்தால், விந்தையான சில காட்சிகள் கண்ணில் படும். "இது ஏன் இப்படி இருக்கிறது?" என்று குழந்தைகள் கேட்பார்கள். பெரியவர்கள் விழிப்பார்கள். அவற்றில் சிலவற்றைப் பார்ப்போம்.

நான்கு விரல்

வால்ட் டிஸ்னியின் மிக்கி மவுஸ் உலகப் புகழ் பெற்ற சுண்டெலி. 1928-ம் ஆண்டு நவம்பர் மாதம் "ஸ்டீம்போட் வில்லி" என்ற படத்தில் அது திரையில் குதித்தது. அதன் கையை எண்ணிப் பாருங்கள். கட்டைவிரலோடு சேர்த்து நான்கு விரல்தான்!

ஐந்தாவது விரல் எங்கே போனது?

சின்ன எலிக்கு ஐந்து விரல் வரைந்தால், கை வாழைச் சீப்பைப்போல் தடித்துத் தெரியும். இது ஒரு காரணம். செலவு இன்னொரு காரணம். ஒரே ஓவியத்தை இரண்டு படத்துக்கு வைத்துக்கொண்டாலும், ஒரு நிமிடத்துக்கு 720 ஓவியங்கள் தேவை. ஒரு கைக்கு ஒரு விரல் குறைத்தால், இரண்டு கைக்கும் சேர்த்து நிமிடத்துக்கு 1,440 விரல் மிச்சம். ஏழு நிமிடப் படத்தில் பத்தாயிரம் விரல் வரைகிற வேலை குறைகிறது!

கையுறைக்கும் காரணம் உண்டு. அந்தக் காலத்துப் படங்கள் கறுப்பு-வெள்ளை. மிக்கியின் உடம்பு கறுப்பு. கையும் கறுப்பு. உடம்புக்கு முன்னால் கை வந்தால் கண்ணுக்கே தெரியாது. அதனால் 1929-ல் வெள்ளைக் கையுறை மாட்டிவிட்டார்கள்.

காதைக் கவனித்தீர்களா? மிக்கி எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு காதும் வட்டமாகவே இருக்கும். உண்மையான எலிக்கு அப்படி இருக்க முடியாது. ஆனால், அந்த இரண்டு வட்டங்கள்தான் மிக்கியின் அடையாளம்.

கரடிக்கு டை எதற்கு?

1958-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் "யோகி" என்ற கரடி வந்தது. சட்டை கிடையாது. ஆனால், கழுத்தில் காலர் உண்டு. டையும் உண்டு. காட்டுக் கரடிக்கு டை எதற்கு?

அங்கேதான் தந்திரம் இருக்கிறது. தொலைக்காட்சிக்கு வாரந்தோறும் படம் வேண்டும். பணமோ குறைவு. ஹன்னா, பார்பெரா என்ற இரண்டு தயாரிப்பாளர்கள் ஒரு வழி கண்டார்கள். உடம்பை ஒரு கண்ணாடித் தாளில் வரைந்தார்கள். தலையை இன்னொரு கண்ணாடித் தாளில் வரைந்தார்கள். கரடி பேசும்போது தலை மட்டும் அசையும். உடம்பு அப்படியே நிற்கும். இரண்டும் சேரும் இடம் தெரியாமல் மறைக்க வேண்டுமே? அதற்குத்தான் காலர்!

அதே மரம், அதே வீடு

ஒருவன் ஓடுகிறான். பின்னால் ஒரு மரம் போகிறது. ஒரு வீடு போகிறது. மீண்டும் அதே மரம். மீண்டும் அதே வீடு. 1960-ல் தொடங்கிய "பிளிண்ட்ஸ்டோன்ஸ்" படங்களில் இது சர்வ சாதாரணம்.

பின்னணிப் படம் ஒரு நீளத் தாள்தான். அதையே திரும்பத் திரும்ப நகர்த்துகிறார்கள். புதிதாக வரைய வேண்டியதில்லை.

காஞ்சிபுரத்து நெசவாளியிடம் இதைச் சொன்னால் வியக்கமாட்டார். அவருடைய தறியிலும் இதுதான் நடக்கிறது. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. அதில் ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையாகக் கோத்துத் தொங்குகின்றன. ஒவ்வோர் அட்டைக்கும் ஒவ்வோர் ஊடை. அட்டைகள் ஒரு சுற்று வந்தால், கரையில் ஓர் அன்னம் முடியும். மறு சுற்றில் அடுத்த அன்னம். சேலை முழுவதும் அன்னம் நடந்து போகும். ஓர் அட்டையில் ஓட்டை மாறி விழுந்துவிட்டால்? ஒவ்வோர் அன்னத்துக்கும் அதே இடத்தில் மூக்கு கோணும்!

இன்று கம்ப்யூட்டர் ஜக்கார்டும் காஞ்சிக்கு வந்துவிட்டது. ஆனாலும் கணக்கு அதேதான்.

விழப்போகும் பாறை

மலையில் பத்துப் பாறைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மட்டும் பளிச்சென்று வேறு நிறமாகத் தெரிகிறது. "அதுதான் விழப்போகிறது!" என்று குழந்தை கத்துகிறது. சொன்னபடியே விழுகிறது! குழந்தைக்கு எப்படித் தெரிந்தது?

பின்னணிக் காட்சியை ஓவியர் ஒருவர் காகிதத்தில் நிதானமாகத் தீட்டுகிறார். நிழலும் ஒளியும் கலந்திருக்கும். அசைய வேண்டிய பொருளைக் கண்ணாடித் தாளில் வேறொருவர் தீட்டுகிறார். அது ஒரே சீரான வர்ணமாக இருக்கும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் படம் பிடிக்கிறார்கள். அதனால், அசையப்போகும் பொருள் ஒட்டாமல் தனியாகத் தெரிகிறது.

முகம் இல்லாத பெண்

"டாம் அண்டு ஜெர்ரி" வராத வீடு ஏது? அந்தப் பூனையும் எலியும் 1940-ல் முதன்முதலாக வந்தபோது, பூனையின் பெயர் டாம் அல்ல; ஜாஸ்பர்! பிறகுதான் பெயர் மாறியது.

பழைய படங்களில் வீட்டு வேலைக்காரப் பெண் ஒருத்தி வருவாள். கால் தெரியும். துடைப்பம் தெரியும். முகம் தெரியாது. பூனை, எலியின் உயரத்திலிருந்து உலகத்தைக் காட்டுகிறார்கள். அவற்றுக்கு மனிதர் என்றால் கால்கள்தானே? 1950-ல் வந்த ஒரு படத்தில் மட்டும் அவள் முகம் ஒரு கணம் மின்னி மறையும்.

இதில் வருத்தமான விஷயமும் உண்டு. அவள் கறுப்பினப் பெண். அவளைக் காட்டிய விதம் அந்த மக்களைக் கேலி செய்கிறது என்று கண்டனம் எழுந்தது. பின்னாளில் தொலைக்காட்சிக்காக அந்தக் காட்சிகளில் சிலவற்றை மாற்றினார்கள். விந்தையாகத் தோன்றும் ஒன்று, சிலரைப் புண்படுத்துவதாகவும் இருக்கலாம்.

இந்தியக் காட்டில் ஒராங்குட்டான்

டிஸ்னியின் "ஜங்கிள் புக்" படம் 1967-ல் வெளிவந்தது. கதை நடப்பது இந்தியக் காட்டில். பம்பாயில் பிறந்த கிப்ளிங் எழுதிய கதை அது. அந்தப் படத்தில் குரங்குகளின் ராஜாவாக ஓர் ஒராங்குட்டான் ஆடிப் பாடுகிறது.

இந்தியக் காட்டில் ஒராங்குட்டான் கிடையாது! அது போர்னியோ, சுமத்ரா தீவுகளில் வாழும் மனிதக் குரங்கு. கிப்ளிங் கதையில் குரங்குக் கூட்டத்துக்கு ராஜாவே இல்லை. டிஸ்னி கம்பெனியார் புதிதாகச் சேர்த்த பாத்திரம் அது.

அந்தப் படத்தில் வரும் பாலு கரடியை 1973-ல் வந்த "ராபின் ஹூட்" படத்திலும் பார்க்கலாம். பெயர் வேறு. உருவம் கிட்டத்தட்ட அதேதான். குரல் கொடுத்தவரும் ஒருவரே. ராபின் ஹூட் படத்து நடனமும் புதிதல்ல. 1937-ல் வந்த "ஸ்னோ ஒயிட்" முதலிய பழைய படங்களின் அசைவுகளையே எடுத்து, அவற்றின்மேல் புது உருவங்களை வரைந்திருக்கிறார்கள். நேரமும் பணமும் மிச்சம்!

விடை கிடைக்காத புதிர்

இதுவரை சொன்னவற்றுக்கெல்லாம் விடை உண்டு. ஒன்றுக்கு மட்டும் இல்லை.

1977-ல் டிஸ்னி கம்பெனி "தி ரெஸ்க்யூவர்ஸ்" என்ற படத்தை வெளியிட்டது. இரண்டு எலிகள் ஒரு சிறுமியைக் காப்பாற்றும் கதை. எலிகள் பறவையின் முதுகில் ஏறிப் பறக்கின்றன. பின்னால் கட்டடத்தின் ஜன்னல்கள் ஓடுகின்றன. அந்த ஜன்னல்களில் ஒன்றில், குழந்தைகள் பார்க்கும் படத்துக்குச் சற்றும் பொருந்தாத ஒரு பெண்ணின் புகைப்படம் இருந்தது!

அது இருந்தது இரண்டே இரண்டு படத்தில். ஒரு நொடியில் 12-ல் ஒரு பங்கு நேரம். தியேட்டரில் யார் கண்ணுக்கும் படவில்லை. வீடியோ வந்தது. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்க முடிந்தது. விஷயம் வெளியே வந்தது. 1999-ம் ஆண்டு ஜனவரியில், சுமார் 34 லட்சம் வீடியோ நாடாக்களைக் கம்பெனி திரும்பப் பெற்றது.

செய்தது யார்? ஓவியர்கள் வரைந்தது அல்ல, பிறகு நடந்த வேலையில் சேர்ந்தது என்று கம்பெனி சொன்னது. ஆளின் பெயர் மட்டும் இன்றுவரை வெளிவரவில்லை.

கண் திறக்கவில்லை

தமிழிலும் ஒரு விந்தை நடந்தது. 2014-ம் ஆண்டு மே மாதம் "கோச்சடையான்" வெளிவந்தது. சவுந்தர்யா ரஜினிகாந்த் டைரக்ட் செய்த படம். நடிகர்களின் உடல் அசைவுகளைக் கருவிகளால் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் உருவங்களுக்கு ஏற்றினார்கள். 2009-ல் காலமான நாகேஷ் அந்தப் படத்தில் மீண்டும் தோன்றினார்!

ஆனால், பார்த்தவர்கள் பலர் ஒன்றைச் சொன்னார்கள். "ரஜினியின் முகம்தான். ஆனால் கண்ணில் உயிர் இல்லையே!"

கோடு போட்டு வரைந்த மிக்கியின் கண் நமக்கு உயிருள்ளதாகத் தெரிகிறது. அச்சு அசலாக மனிதனைப்போல் செய்த முகம் ஏன் உறுத்துகிறது? ஜப்பானிய அறிஞர் மசாஹிரோ மோரி 1970-ம் ஆண்டிலேயே இதைப்பற்றி எழுதினார். பொம்மை மனிதனைப்போல் ஆக ஆக, நமக்குப் பிரியம் கூடும். ஆனால், முக்கால்வாசிக்கு மேல் போய் முழுமையாக எட்டாமல் நின்றால், திடீரென்று ஒரு கூச்சம் தோன்றும். பிணத்தைப் பார்ப்பதுபோல் இருக்கும் என்றார் அவர்.

காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு இருக்கிறது. கொலு பொம்மை செய்கிறவர்கள் வாழும் தெரு. காகிதக் கூழும் களிமண்ணும் அவர்கள் கையில் சாமியாகும், செட்டியாராகும், கல்யாணக் கோஷ்டியாகும். 2019-ம் ஆண்டில் 40 ஆண்டுகளுக்குப் பிறகு அத்தி வரதர் வெளியே வந்தபோது, அத்தி வரதர் பொம்மைகளும் பிறந்தன. அங்கே யாரும் பொம்மையை அசல் மனிதனாக்க முயல்வதில்லை. கண்ணைப் பெரிதாக, நீளமாக எழுதுகிறார்கள். எழுதியதும் பொம்மை நம்மைப் பார்க்கிறது! கோயில் சிலைக்குக் கண் திறப்பதைத் தனிச் சடங்காகவே ஸ்தபதிகள் செய்வதும் இதனால்தானோ என்று எண்ணத் தோன்றுகிறது.

பெயர் இல்லாத கைகள்

இந்த விந்தைகளுக்கெல்லாம் பின்னால் இருப்பவை கைகள். "ஸ்னோ ஒயிட்" படத்தின் ஓவியங்களைக் கண்ணாடித் தாளில் மை போட்டுப் படியெடுத்து, வர்ணம் தீட்டியவர்கள் நூற்றுக்கு மேற்பட்ட இளம் பெண்கள். கண் வலிக்க, கழுத்து வலிக்க உழைத்தார்கள். திரையில் அவர்கள் பெயர் வரவில்லை. 1941-ம் ஆண்டு மே மாதம் டிஸ்னி ஸ்டூடியோவில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சம்பளம், சங்க உரிமை, திரையில் பெயர் – இவையெல்லாம் தொழிலாளர்களின் குறைகளாக இருந்தன. கடைசியில் சங்கத்தைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டில், 1956-ல் பம்பாய் பிலிம்ஸ் டிவிஷனில் சித்திரப் படப் பிரிவு தொடங்கியது. டிஸ்னி கம்பெனியில் வேலை செய்த கிளேர் வீக்ஸ் பயிற்சி கொடுத்தார். 1957-ல் ஜாதகக் கதை ஒன்று மான் படமாக வந்தது. அங்கே வேலை கற்றவர்களில் ஒருவர் ராம் மோகன். பின்னாளில் அவரும் ஜப்பானியரான யூகோ சாகோவும் சேர்ந்து ராமாயணத்தைக் கையால் வரைந்து படமாக்கினார்கள். அந்தப் படம் 2025-ம் ஆண்டு ஜனவரியில் இந்தியத் தியேட்டர்களில் வெளியாயிற்று. ராம் மோகன் அதைப் பார்க்க இல்லை. 2019-ல் காலமாகிவிட்டார்.

பட்டில் தெரியும் பல்

பட்டுச் சேலையிலும் இப்படி ஒரு "விந்தை" உண்டு. கடைக்காரரிடம் அதைக் "குறை" என்று நினைத்துச் சண்டை போடுகிறவர்களும் உண்டு.

உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் உள்ள காஞ்சிபுரம் கோர்வைச் சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உடலும் கரையும் சேரும் இடம் நேர்கோடாக இருக்காது. ரம்பப் பல்போல் சின்னச் சின்னதாக ஏறி இறங்கும்.

அது குறை அல்ல. உடலுக்கு ஒரு நாடா. இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. ஆக மூன்று நாடா. தறியில் நெசவாளி ஒரு பக்கம், துணையாள் மறு பக்கம். வீட்டில் மனைவியே துணையாளாக உட்காருவதும் உண்டு. ஒவ்வோர் ஊடையிலும் கரை நூலையும் உடல் நூலையும் கையால் கோத்து வாங்க வேண்டும். கோத்து வாங்கிய தடம்தான் அந்தப் பல். ஒரு சேலைக்குப் பத்து, பதினைந்து நாள் ஆகும். வேலைப்பாடு கூடினால் இன்னும் ஆகும்.

ஒரே நாடாவில் ஓட்டிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால், உடலின் ஊடை கரைக்குள்ளும் போய்விடும். கரையின் நிறம் கலங்கிப்போகும். சிவப்புக் கரை சுத்தச் சிவப்பாக இருக்காது.

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. இருந்தாலும், விசைத்தறியில் ஓட்டிய சேலையைக் "காஞ்சிபுரம்" என்று சொல்லி விற்பது நிற்கவில்லை. விலை குறைவு, கோடு நேர்த்தி, வாங்குகிறவர் மயங்குகிறார். கைத்தறிக்காரர் நாள் முழுவதும் மிதித்த தறியின் கூலி அங்கேதான் அடிபடுகிறது. தந்தையின் தறியில் மகன் உட்காரத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கல்யாணத்துக்குப் பட்டெடுக்கப் போகிறவர்கள் மூன்று காரியம் செய்யலாம். சில்க் மார்க், கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேட்கலாம். கரையின் நிறம் கலங்காமல் இருக்கிறதா என்று பார்க்கலாம். உடலும் கரையும் சேரும் இடத்தில் விரலை ஓட்டி, அந்தப் பல் தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்க்கலாம்.

தட்டுப்பட்டால், இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து கோத்த சேலை அது என்று பொருள். அதன் பிறகு விலை பேசுங்கள்.